கொள்ளைநோய்க் காலத்தில் இசைவாணர் தொழிற்சங்கங்கள்

முன்னுரை

'சங்கம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் பயின்றார் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது பண்டைப் புலவர் அவையே. அச்சொல்லே இருபதாம் நூற்றாண்டில் தொழிலாளர் கூட்டத்திற்கும் உரிய பெயராயிற்று. இசையைத் தொழிலாகக் கொண்டாரைப் பொறுத்தவரை இப்பெயர் மாற்றத்தின் பின்னே ஒரு வாழ்க்கை மாற்றமும் உண்டு. பழைய புறப்பாடல்கள் பாணரைப் புரத்தலை ஆள்வோர் கடமைகளுள் ஒன்றாக எண்ணின; அதற்குப் 'பாண்கடன்' என்னும் தனிச்சொல்லும் வழங்கிற்று. புரவலர் மரபு மறைந்த இக்காலத்தில் அக்கடன் யாரைச் சாரும்? அரசையா, அரங்கு நடத்துவோரையா, கேட்போரையா, இசைவாணர் தம்மையேயா?

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த காலம் 2020-ஆம் ஆண்டு ஆகும். கொரோனாப் பெருந்தொற்றால் அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் மேலை நாடுகளின் அரங்குகள் சில நாட்களுக்குள் அடைபட்டன. கூட்டம் கூடினாலன்றி நடவாத தொழில் இசை. ஆதலின் கூட்டம் விலக்கப்பட்ட அன்றே அத்தொழில் முற்றிலும் நின்றது. அந்நிலையில் பிரிட்டன், அமெரிக்க ஐக்கிய நாடுகள், பிரான்சு ஆகிய மூன்று நாடுகளில் இசைவாணர் சங்கங்கள் ஆற்றிய பணி யாது, அப்பணியின் எல்லை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சங்கத்தின் தலையாய பணி பொருள் கொடுத்தல் அன்று என்பதும், சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாத ஒரு தொழில்வாழ்க்கையைக் கணக்கிட்டுக் காட்டி, அதன் பெயரால் பேசும் உரிமையைக் காத்தலே என்பதும் இவ்வாராய்ச்சியிற் பெறப்படும் முடிபாம்.

சங்கங்களின் தோற்றம்

பிரிட்டனில் இசைவாணர் சங்கம் 1893-ஆம் ஆண்டு மாஞ்செஸ்டர் நகரில் தோன்றியது. ஜோசப் பெவிர் வில்லியம்ஸ் என்னும் கிளாரினெட் கலைஞரே அதனை நிறுவியவர். 1921-இல் மற்றொரு சங்கத்தோடு இணைந்து அது இன்றைய பெயரைப் பெற்றது. அமெரிக்க இசைவாணர் கூட்டமைப்பு 1896-ஆம் ஆண்டு இந்தியானாபொலிஸ் நகரில் அமைந்தது. நகர்தோறும் எண்ணிட்ட கிளைகளாகப் பிரிந்து இயங்கும் அக்கூட்டமைப்பில் நியூயார்க் நகரக் கிளை 802 என்னும் எண்ணுடையது.

இச்சங்கங்கள் கொள்ளைநோயைக் காண்பது இது முதன்முறையன்று. 1918-ஆம் ஆண்டு அக்டோபரில் இன்புளுயென்சா நோய் பரவியபோது பிலடெல்பியா, சிக்காகோ முதலிய அமெரிக்க நகரங்களில் அரங்குகள் மூடப்பட்டன. அக்காலத் திரைப்படம் பேசாப் படம்; ஆதலின் ஒவ்வொரு படக்கொட்டகையும் இசைவாணர்க்கு வேலை தரும் இடமாயிருந்தது. கொட்டகை மூடியபோது அவர்தம் கூலியும் நின்றது. அந்நாட்டில் வேலையின்மைக் காப்பீடு அன்று இல்லை. விஸ்கான்சின் மாநிலம் 1932-இலும், நாடு முழுவதும் 1935-இலுமே அதற்குச் சட்டம் கண்டன. பிரிட்டனில் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்ததாயினும், அது கட்டடம், கப்பல், பொறி முதலிய சில தொழில்களோடு நின்றது. ஆகவே 1918-இல் இசைவாணர்க்கு அரசின் துணை இல்லை. 2020-இல் துணை இருந்தது. ஆயின் அது இசைவாணர்க்குப் பொருந்தும் வடிவில் இல்லை. இவ்வேறுபாடே நம் ஆராய்ச்சிக்கு அடிப்படை.

தொழிலின் இருமை

இசைவாணர் வாழ்க்கையின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒருவர் ஆண்டில் சில வாரம் ஒரு நாடக அரங்கில் ஊதியத்திற்கு வயலின் வாசிப்பார். வாரத்தில் இரு நாள் ஒரு பள்ளியில் மாணவர்க்குக் கற்பிப்பார். எஞ்சிய நாட்களில் திருமணங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் தாமே பேசி ஒப்புக்கொண்ட தொகைக்கு வாசிப்பார். முதல் இரண்டிலும் அவர் பிறர்க்குப் பணியாளர், மூன்றாவதில் தனித்தொழிலர். அவருக்கு இது ஒரே தொழில், ஒரே கருவி, ஒரே உழைப்பு. வரிச் சட்டத்திற்கோ அவர் இரு வேறு மனிதர்.

நல்ல காலத்தில் இவ்விருமையால் பெருந்தீங்கில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அரசுகள் அவசரமாக உதவித் திட்டங்களை வகுத்தன. பணியாளர்க்கு ஒன்று, தனித்தொழிலர்க்கு ஒன்று எனத் திட்டங்கள் பிரிந்தபோது, இரண்டிலும் ஒவ்வொரு கால் வைத்து நின்றவர் இரண்டிற்கும் புறம்பாயினர். இதனை முதலில் உணர்ந்து எடுத்துரைத்தவர் சங்கத்தாரே.

பிரிட்டன்: உதவியும் கணக்கும்

பிரிட்டிஷ் சங்கம் 2020 மார்ச்சில் செய்த முதற்பணி உதவி நிதி அமைத்தல். 10 இலட்சம் பவுன் ஒதுக்கி, துன்புறும் உறுப்பினர் ஒருவர்க்கு 200 பவுன் வீதம் வழங்க முற்பட்டது. இது விரைந்து செய்த நற்செயல் என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் அளவை நோக்குக. ஒருவர்க்கு 200 எனின் 10 இலட்சம் பவுன் ஐயாயிரவர்க்கே போதும். சங்கத்தின் உறுப்பினரோ முப்பதாயிரத்திற்கு மேற்பட்டோர். அதே மார்ச்சில் 4,100-க்கு மேற்பட்ட இசைவாணர் பங்குகொண்ட சங்கக் கணக்கெடுப்பு ஒன்று, அதுகாறும் இழந்த வருவாயை 139 இலட்சம் பவுன் என மதிப்பிட்டது. நிதி முழுவதையும் கொடுத்தாலும் இழப்பில் பதினான்கில் ஒரு பங்கே ஈடாகும். அதுவும் முதற்சில வாரங்களின் இழப்பில். கொடையால் சங்கம் ஆற்றக்கூடியது இத்துணையே என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் அக்கணக்கெடுப்பு, நிதியினும் பெரும்பயன் தந்தது. 2020 மார்ச்சு 26-ஆம் நாள் பிரிட்டிஷ் அரசு தனித்தொழிலர்க்குரிய உதவித் திட்டத்தை அறிவித்தது. முந்தைய ஆண்டுகளின் சராசரி ஆதாயத்தில் 80 விழுக்காடு, திங்களுக்கு 2,500 பவுனுக்கு மேற்படாமல், அரசு தரும் என்பது திட்டம். அதற்கு வரம்புகள் சில உண்டு. வருவாயில் பாதியேனும் தனித்தொழிலால் வந்திருத்தல் வேண்டும். ஆதாயம் 50,000 பவுனுக்கு மிகுதல் கூடாது. அண்மையில் தொழில் தொடங்கியோர்க்கு இடமில்லை. அவசரக் காலத்தில் ஏமாற்றைத் தவிர்க்க வகுத்த வரம்புகள் இவை. மேலே கூறிய வயலின் கலைஞர் பள்ளியிலும் அரங்கிலும் பெற்ற ஊதியம் பாதியைச் சிறிது தாண்டினும் அவருக்குத் தனித்தொழிலர் உதவி இல்லை. அரங்குப் பணி குறுங்கால ஒப்பந்தமாயின், மார்ச்சில் அது முடிந்திருப்பின், பணியாளர் உதவியும் இல்லை. இசைவாணருள் 38 விழுக்காட்டினர் இரு திட்டங்களிலும் இடம்பெறவில்லை என்று சங்கம் கணக்கிட்டுக் கூறிற்று.

இவ்வெண் எளிதிற் கிடைப்பதன்று. வரி அலுவலகம் ஒருவரின் வருவாயை அறியும். அவர் எந்நாளில் எவ்வரங்கில் வாசிக்க இருந்தார், எவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது என்பதை அறியாது. அரங்குகள் தத்தம் இழப்பை அறியும். தனி இசைவாணரின் மொத்த இழப்பை அறியா. அவ்வறிவு உறுப்பினர்பால் சிதறிக் கிடந்தது. அதனை ஒருங்கு திரட்டும் வாயில் சங்கம் ஒன்றே. செப்டம்பரில் எடுத்த மற்றொரு கணக்கெடுப்பில், உறுப்பினருள் 34 விழுக்காட்டினர் இசைத்தொழிலையே கைவிட எண்ணுவதாகக் கூறினர். மூவருள் ஒருவர் என்னும் இச்செய்தி பத்திரிகைகளிற் பரவிப் பொதுமக்கள் கவனத்தை ஈர்த்தது.

அரசு 2020 சூலை 5-ஆம் நாள் கலைத்துறை மீட்புக்கென 157 கோடி பவுன் அறிவித்தது. தொகை பெரிது, ஆயின் அது பெரும்பாலும் அரங்குகளுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது. மண்டபம் காக்கப்பட்டது, மண்டபத்தில் வாசிப்போர் காக்கப்பட்டனரா என்னும் வினா எஞ்சியது. செப்டம்பரில் தனித்தொழிலர் உதவியை 20 விழுக்காடாகக் குறைக்க அரசு முடிவு செய்தபோது, அவ்வினாவை இசைவாணர் இசையாலேயே எழுப்பினர். அக்டோபர் 6-ஆம் நாள் இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் ஏறத்தாழ 400 இசைவாணர் இடைவெளிவிட்டு நின்று, ஹோல்ஸ்டின் 'கோள்கள்' என்னும் இசைத்தொகுப்பின் செவ்வாய்ப் பகுதியில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் வாசித்து நிறுத்தினர். பின்னர் இரு நிமிடம் வாளா நின்றனர். நவம்பரில் நாடு மீண்டும் அடைபட்டபோது உதவி 80 விழுக்காட்டிற்கு உயர்ந்தது. இவ்வுயர்வுக்கு நேர்க்காரணம் புதிய ஊரடங்கே. இசைவாணர் போராட்டமே அதனைக் கொணர்ந்தது எனல் மிகையாம். புதிதாகத் தொழில் தொடங்கியோருட் பலர்க்கு 2021-இல் வழி திறந்தது. 'பாதி வருவாய்' வரம்போ இறுதிவரை நீங்கவில்லை.

அமெரிக்கா: ஒப்பந்தத்தின் வன்மை

நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் இசைநாடக அரங்கு 2020 மார்ச்சு 12-ஆம் நாள் மூடப்பட்டது. மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட இடர் நேரின் ஒப்பந்தக் கடமை தளரும் என்னும் விதியைச் சுட்டி, ஏப்ரல் முதல் இசைக்குழுவினர்க்கு ஊதியம் நிறுத்தப்பட்டது; மருத்துவக் காப்பீடு மட்டும் தொடர்ந்தது. உலகப் புகழ் பெற்ற அக்குழு ஏறத்தாழ ஓராண்டு ஊதியமின்றி இருந்தது. நீண்டகால ஊதியக் குறைப்பை ஏற்றாலன்றி இடைக்காலத் தொகை இல்லை என்பது நிர்வாகத்தின் முதல் நிலை. பின்னர்ப் பேச்சுவார்த்தைக்கு வந்தாலே வாரத்திற்கு 1,543 டாலர் வரை தரலாம் என நிர்வாகம் இறங்கிற்று. 2021 மார்ச்சில் இசைவாணர் அதனை ஏற்றனர். அதற்குள் பலர் நகரை விட்டு அகன்றிருந்தனர். ஏறத்தாழப் பத்துப் பேர் ஓய்வு பெற்றிருந்தனர்.

ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டது. ஊதியம் 3.7 விழுக்காடு குறைந்தது. நுழைவுச்சீட்டு வருவாய் முன்னைய நிலையில் 90 விழுக்காட்டை எட்டின் குறைத்ததில் ஒரு பகுதி மீளும் என்றாயிற்று. நிலையான இடங்கள் 90-இலிருந்து 83-ஆகக் குறைந்தன. செப்டம்பரில் அரங்கு திறந்தது. இதனை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? ஊதியமின்றி ஓராண்டு கழித்தவர்க்கு ஏழு இடங்களின் இழப்பு சிறிதன்று. ஆயினும் நிர்வாகம் முதலில் வேண்டிய குறைப்பு இதனினும் பன்மடங்கு பெரிது என்பதையும் மறத்தலாகாது.

அதே நகரில் அதே 802-ஆம் கிளையைச் சார்ந்த நியூயார்க் பில்ஹார்மானிக் குழுவின் நிலை வேறு. அங்கு முதலிலிருந்தே குறைத்த ஊதியம் தொடர்ந்து வழங்கப்பட்டது. 2020 டிசம்பரில் நான்காண்டு ஒப்பந்தம் ஒன்றும் முடிந்தது; அடிப்படை ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கு 2023 ஆகஸ்டு வரை குறையும் என்பது அதன் விதி. அக்குறைப்பு குறித்த காலத்திற்கு முன்னரே, 2022-இல், நீக்கப்பட்டது. சங்கம் ஒன்று, நகரம் ஒன்று, நோயும் ஒன்று, விளைவு இரண்டு. ஆகவே சங்கத்தின் ஆற்றல் அதன் உறுதியை மட்டும் பொறுத்ததன்று. எதிர்நிற்கும் நிர்வாகத்தின் பொருள்நிலையையும் மனநிலையையும் பொறுத்தது என்பது போதரும்.

நிலையான குழுக்களைச் சாராதார் நிலையையும் நோக்குதல் வேண்டும். 2020 மார்ச்சு 27-ஆம் நாள் இயற்றிய அமெரிக்க நிவாரணச் சட்டம், வரலாற்றில் முதன்முறையாகத் தனித்தொழிலர்க்கும் நாடு தழுவிய வேலையின்மை உதவியை விரித்தது. ஆயின் பிரிட்டனில் கண்ட குறை அங்கும் வேறு வடிவில் தலைகாட்டிற்று. பணியாளராகச் சிறுதொகை ஊதியம் பெற்றவர், தனித்தொழிலால் எத்துணைப் பெருந்தொகை ஈட்டியிருப்பினும், பணியாளர் எனவே கருதப்பட்டார். அவருக்கு அச்சிறு ஊதியத்தின் அளவிலேயே உதவி கிட்டியது. கலைத்துறைச் சங்கங்கள் இக்குறையைச் சட்டமன்றத்தார் முன் வைத்தன. 2020 டிசம்பர்ச் சட்டத்தில் இருவகை வருவாயுடையோர்க்கென ஒரு தனிப்பிரிவு அமைந்தது. தனித்தொழிலால் ஆண்டிற்கு 5,000 டாலரேனும் ஈட்டியவர்க்கு வாரந்தோறும் 100 டாலர் கூடுதலாகக் கிடைத்தது. தொகை சிறிது. எனினும் 'இருவகை வருவாயுடையோர்' என்னும் வகையினரைச் சட்டம் பெயரிட்டு ஏற்றது இதுவே முதன்முறை. இப்பெயரீடு தொகையினும் பெரிது என்க.

பிரான்சு: முன்னரே அமைந்த சட்டம்

பிரான்சின் நிலை இவ்விரண்டினும் வேறு. இடையிட்டு வேலை பெறும் கலைஞர்க்கென அங்கு ஒரு தனிக் காப்பீட்டு முறை உண்டு. அது 1936-இல் திரைப்படத் தொழிலாளர் பொருட்டுத் தோன்றிப் பின்னர் இசைவாணர்க்கும் நாடகக் கலைஞர்க்கும் விரிந்தது. பன்னிரு திங்களில் 507 மணி நேரம் பணி செய்தவர், வேலையில்லா நாட்களில் உதவித்தொகை பெறுவர். ஒரே மனிதர் பல இடங்களில் சிறுசிறு பணி செய்வார் என்பதை இம்முறை தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது.

ஆயினும் அரங்குகள் மூடிய ஆண்டில் 507 மணி நேரத்தை எவர் நிறைப்பார்? மணிக்கணக்கைப் பாராது உரிமையை நீட்டித்தல் வேண்டும் எனச் சங்கங்கள் கோரின. 2020 மே 6-ஆம் நாள் குடியரசுத் தலைவர் மக்ரோன், உரிமையுடையோர்க்கு அது 2021 ஆகஸ்டு 31 வரை தொடரும் என அறிவித்தார். கணக்கில் எழுதாத ஆண்டு என்னும் பொருளில் அதனை 'வெள்ளை ஆண்டு' என்றனர். அரங்குகள் அடைபட்ட நிலை நீடிக்கவே, 2021 மார்ச்சு 4-ஆம் நாள் கலைத்துறைத் தொழிலாளர் பாரிசு நகரின் ஓதேயோன் அரங்கினுட் புகுந்து தங்கிப் போராடினர். நாடெங்கும் பல அரங்குகள் அவ்வாறே நிரம்பின. மே 11-ஆம் நாள் உரிமை டிசம்பர் 31 வரை நீண்டது. தொழிலுக்குப் புதிதாய் வந்த, முப்பது அகவைக்குட்பட்டோர்க்கு 507 மணி 338 ஆகக் குறைந்தது.

பிரிட்டனில் சங்கத்தார் இசைவாணர் யார் என்பதை அரசுக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. பிரான்சில் அவ்விளக்கம் முன்னைத் தலைமுறையினர் பெற்ற சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆதலின் நாளை நீட்டிக்கக் கேட்டலே போதுமானதாயிற்று. அமைதிக் காலத்தில் சங்கம் பெற்றுத்தரும் சட்டமே இடர்க்காலத்தில் அரண் ஆகும் என்பது இவ்வொப்பீட்டாற் பெறப்படும்.

ஒரு தடையும் விடையும்

சங்கங்கள் இல்லையாயினும் அரசுகள் உதவியிருக்கும் அன்றோ எனச் சிலர் வினவலாம். அரசுகள் உதவியிருக்கும் என்பது உண்மையே. மேற்கூறிய திட்டங்களின் முதல் வடிவம் பெரும்பாலும் அரசின் ஆக்கமே. ஆயின் அம்முதல் வடிவங்களில் இசைவாணர் விடுபட்டமையையும், விடுபாட்டைச் சுட்டியவர் யார் என்பதையும் நோக்கின் விடை தானே விளங்கும்.

சங்கங்களின் குறையையும் கூறுதல் நடுவுநிலைமையாகும். உறுப்பினர் அல்லாதாரைச் சங்கத்தின் நிதி எட்டுவதில்லை. ஒப்பந்தம் உடைய பெருங்குழுவினர்க்குப் பேரம் பேச இடமுண்டு. திருமணத்திலும் விடுதியிலும் வாய்மொழியால் வேலை பெறுவார்க்கு எவரொடு பேரம் பேசுவது? அமெரிக்கக் கிளைகள் உறுப்பினர் பெறும் வேலையூதியத்தில் ஒரு பங்கைச் சந்தாவாகக் கொள்வன. வேலை நின்றபோது, உதவி மிகவும் வேண்டிய அக்காலத்திலேயே, அவற்றின் வருவாயும் வறண்டது. இடரை எதிர்நோக்கி நல்ல காலத்தில் சேமித்தாலன்றி இக்குறை தீராது.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று கருத்துகள் தெளிவாம். ஒன்று: சங்கத்தின் நேரடிப் பொருளுதவி விரைவும் பரிவும் உடையது, ஆயின் இழப்பின் அளவுக்கு அது மிகச் சிறிது. இரண்டு: சிதறிக் கிடக்கும் தொழிலரின் நிலையைக் கணக்காக்கி அரசின் முன் வைத்தலும், ஒப்பந்தப் பேச்சில் அவர் சார்பில் நிற்றலுமே பிறர் எவரும் ஆற்றவியலாப் பணி. மூன்று: அப்பணியின் பயன் நோய் வருமுன் பெற்ற சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது.

பாண்கடன் என்பது பண்டு கொடுப்பவனின் பெருமையாக இருந்தது. மன்னன் மனமிரங்கின் பாணன் உண்பான். இரங்காவிடின் வேறு வாயில் நோக்கிப் பெயர்வான். 2020-இல் எல்லா வாயிலும் ஒரே நாளில் அடைபட்டமையால் பெயர்வதற்கும் இடமில்லாது போயிற்று. இசைவாணர் அன்று வேண்டியது மனமிரக்கம் அன்று. தம் உழைப்பும் உழைப்பே எனச் சட்டம் எண்ணுதல். பிரிட்டனில் வருவாயில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தனித்தொழிலால் ஈட்டிய ஒரே காரணத்தால் விடுபட்டவர்க்கு அவ்வேண்டுகோள் இறுதிவரை நிறைவேறவில்லை. அடுத்த கொள்ளைநோய்க்கு முன் அச்சங்கம் தீர்க்க வேண்டிய கடன் அதுவேயாம்.